ஒப்பந்தமும் வர்த்தமானியும்: புத்தளம் கரையோர விவசாயியின் கணக்கு

மா ஓயா கடலில் கலக்கும் இடத்திலிருந்து வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனை வரை நீளும் புத்தளம் கரையோரத்தில், ஒரே வீதியில் பயணித்தாலும் நான்கு வகையான பிழைப்புகள் மாறிமாறி வரும். வென்னப்புவ, மாரவில, மாதம்பைப் பகுதிகளில் தென்னை. சிலாபத்தைத் தாண்டி ஆராச்சிக்கட்டுவ, உடப்பு, முந்தல் பக்கம் இறால் பண்ணைகள். புத்தளத்தை ஒட்டி உப்பளங்கள். பாலாவியில் இடப்பக்கம் திரும்பி நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று போனால் மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும். இவற்றில் சில கப்பலேறிப் போகின்றன. சில, கப்பலில் வந்திறங்கும் பொருளோடு உள்ளூர்ச் சந்தையிலேயே மோதுகின்றன. அதனால்தான் கொழும்பில் எந்த வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானாலும் இந்தக் கரையில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஏற்றுமதி பெருகும், டொலர் வரும், விவசாயிக்கு விடிவு வரும் என்பது ஒன்று. வெளிநாட்டுப் பொருள் வந்து குவியும், விவசாயி அழிவான் என்பது மற்றது. இரு தரப்பாருமே தீர்வை எத்தனை வீதம் குறைகிறது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். விவசாயியின் வருமானத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் அந்த வீதத்தின் பங்கு சிறியது. அதற்குப் பின்னால் இருக்கும் விதிகள் எவை, அவை எவ்வளவு காலம் மாறாமல் நிற்கும், அவற்றைப் பயன்படுத்த ஊரில் என்ன தயாராக இருக்கிறது என்பவையே அவனை வாழவைக்கின்றன அல்லது வீழ்த்துகின்றன. புத்தளத்தின் தேங்காயும் இறாலும் வெங்காயமும் தனித்தனியே இதற்குச் சான்று சொல்கின்றன.

சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் என்றதும் எல்லைகள் முழுதாகத் திறந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. இரு நாடுகளும் தத்தம் பொருட்பட்டியலை எடுத்து, இவற்றுக்கு உடனே தீர்வை இல்லை, இவற்றுக்குப் படிப்படியாகக் குறைப்போம், இவற்றைத் தொடவே மாட்டோம் என்று பிரித்துக்கொள்கின்றன. தொடமாட்டோம் என்ற பகுதிக்கு எதிர்மறைப் பட்டியல் என்று பெயர். இலங்கை இந்தியாவுடன் 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் இலங்கை வைத்துக்கொண்ட எதிர்மறைப் பட்டியலில் 1,180 பொருட்கள். இந்தியா வைத்துக்கொண்டதில் 429. இலங்கையின் பட்டியலில் விவசாயப் பொருட்கள் பெருமளவில் இடம்பிடித்தன. பாகிஸ்தானுடனான ஒப்பந்தம் 2005 ஜூனிலும், சிங்கப்பூருடனானது 2018 மே மாதத்திலும் நடைமுறைக்கு வந்தன. தாய்லாந்துடன் 2024 பெப்ரவரியில் கையெழுத்தானது. இந்தியாவுடன் இன்னும் ஆழமான எட்கா உடன்படிக்கைக்கான பேச்சு, பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2023இல் மீண்டும் தொடங்கியது. இவற்றோடு, ஐரோப்பிய ஒன்றியம் தானாகவே வழங்கும் ஜீஎஸ்பி பிளஸ் சலுகையும் உண்டு. அது ஒப்பந்தமல்ல, கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய சலுகை. 2010 ஆகஸ்டில் அப்படியே நிறுத்தப்பட்டு, 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

இந்திய ஒப்பந்தத்தின் முதல் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். 2000இல் சுமார் ஐந்தரைக் கோடி டொலராக இருந்த இலங்கையின் இந்திய ஏற்றுமதி, 2005இல் 55 கோடி டொலரைத் தாண்டியது. அந்த வளர்ச்சியின் உள்ளே போய்ப் பார்த்தால் ஏறக்குறைய பாதியை இரண்டு பொருட்களே சுமந்தன: செம்பும் வனஸ்பதியும். வனஸ்பதி சமையல் கொழுப்புதானே, தென்னை விவசாயிக்கு நல்லது நடந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது இலங்கைத் தேங்காயிலிருந்து வரவில்லை. இந்தியாவில் பாம் எண்ணெய்க்குத் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. தென்கிழக்காசியாவிலிருந்து பாம் எண்ணெயை இங்கே இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, ஒப்பந்தச் சலுகையில் இந்தியாவுக்கு அனுப்பினால் இடைவெளி முழுதும் இலாபம். அதற்காகவே ஆலைகள் முளைத்தன. இந்திய உற்பத்தியாளர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன் என்று உச்சவரம்பு வந்தது. பிறகு இந்தியா தன் பாம் எண்ணெய்த் தீர்வையையே குறைத்தபோது ஆலைகள் மூடப்பட்டன. வீத வித்தியாசத்தை மட்டும் நம்பி எழுந்த வியாபாரம் அந்த வித்தியாசத்தோடே போயிற்று. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் பத்து மடங்கு வளர்ந்த அதே ஆண்டுகளில், நாத்தாண்டியவில் இரண்டு ஏக்கர் தென்னை வைத்திருந்தவரின் கையில் அந்த வளர்ச்சியால் ஒரு சதமும் கூடவில்லை.

ஒப்பந்தத்தில் கிடைத்த சலுகைகூட எழுதியபடி நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பதை மிளகு காட்டியது. தென்னைக்குக் கீழே ஊடுபயிராக மிளகுக் கொடி ஏற்றுவது மாவட்டத்தின் தெற்கே மழை கூடிய பகுதிகளில் வழக்கம். தேங்காய் விலை தளரும்போது குடும்பத்தைத் தாங்குவது அதுதான். இந்திய ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மிளகுக்கு ஆண்டுக்கு 2,500 தொன் வரை தீர்வையற்ற அனுமதி உண்டு. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதியாகக் கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அறிவித்தது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் மிளகு விலை சரிந்து, அங்குள்ள விவசாயிகள் கொதித்திருந்த நேரம் அது. வேறு நாட்டு மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. அவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால் விளைவு என்ன? ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறாமல், தீர்வை வீதமும் மாறாமல், அந்தச் சலுகையின் பயன் குறுகிப்போனது. மிளகுக் கொடி காய்க்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். கொடி நட்டவன் ஒரு விதியை நம்பி நட்டான். பறிக்கும் நேரத்தில் வேறு விதி.

இனித் தேங்காயையே எடுத்துக்கொள்வோம். லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இயங்கும் மாவட்டம் இது. ஒரு தேங்காயை உரித்து உடைத்தால் அது பல வியாபாரங்களாகப் பிரியும். மட்டை தும்பு ஆலைக்குப் போய்த் தும்பாகவும் தும்புச்சோறாகவும் மாறும். சிரட்டை கரியாக எரிக்கப்பட்டு, பிறகு நீரையும் காற்றையும் வடிகட்டப் பயன்படும் உயர்தரக் கரியாகும். பருப்பு துருவலாகவோ பாலாகவோ எண்ணெயாகவோ போகும். இளநீருக்குத் தனிச் சந்தை. இவை ஒவ்வொன்றையும் வாங்கும் நாட்டில் தீர்வை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் உலர் தேங்காய்த் துருவலுக்கு யாருக்குமே தீர்வை இல்லை. அங்கே நமக்குச் சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தச் சந்தையைக் கொடுப்பதும் பறிப்பதும் வேறொன்று. 1960 வாக்கில் இலங்கைத் துருவலில் சல்மொனெல்லா கிருமி இருப்பதாகப் பிரித்தானியாவில் கண்டறியப்பட்டபோது தொழிலே ஆட்டங்கண்டது. ஆலைகளுக்குக் கடுமையான சுகாதார விதிகள் கொண்டுவந்த பிறகே நம்பிக்கை திரும்பியது. தும்புச்சோற்றிலும் அதே கதை. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பசுமைக்குடில்களில் செடி வளர்க்க அதை வாங்குபவர் முதலில் கேட்பது அதிலுள்ள உப்பின் அளவைத்தான். களப்பு நீரில் ஊறிய மட்டையின் சோற்றில் உப்பு தங்கும். அதை நல்ல நீரில் கழுவி, மழை படாமல் உலர்த்தி, அளந்து காட்டினால் ஒரு விலை, காட்டாவிட்டால் வேறு விலை. அந்த வேறுபாட்டை எந்தத் தீர்வைச் சலுகையும் ஈடுகட்டாது.

சந்தை திறந்தால் போதும், விளைச்சல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் தேங்காய் உடைத்துக் காட்டியிருக்கிறது. இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி தேங்காய்கள் விளைகின்றன. பெரும்பங்கை நம் வீட்டு அடுப்புகளே எடுத்துக்கொள்கின்றன. மீதியைத்தான் துருவல் ஆலையும் பால் ஆலையும் எண்ணெய் ஆலையும் போட்டிபோட்டு வாங்குகின்றன. 2024இன் பிற்பகுதியில் விளைச்சல் சரிந்தபோது கடையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. வறட்சி, வெண்ஈ, குரங்குத் தொல்லை எனக் காரணங்கள் பல. 2021 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும் அவற்றில் ஒன்று. தென்னைக்கு இன்று போடாத உரத்தின் இழப்பு ஓரிரு ஆண்டு கழித்துத்தான் குலையில் தெரியும். ஆலைகளுக்குக் காய் கிடைக்காமல் 2025இல் தேங்காய்ப் பருப்பை இறக்குமதி செய்யவே அரசு அனுமதிக்க வேண்டியதாயிற்று. உலகச் சந்தையில் நமக்குக் கேள்வி இருந்தது, விலையும் இருந்தது. விற்கத்தான் காய் இல்லை. விலை ஏறினால் விவசாயிக்கு இலாபம்தானே என்றால், காய் இருந்தவருக்கே இலாபம். பெரிய தோட்டக்காரர் உரம் போட்டு, நீர் இறைத்து, மறுநடுகை செய்திருந்தார். ஓரேக்கர், அரை ஏக்கர் வைத்திருந்தவரின் முதிர்ந்த மரங்கள் ஏற்கெனவே பாதி காய்ப்பை இழந்திருந்தன. புதிய கன்று பலன்தர ஐந்தாறு ஆண்டாகும். அதுவரை எந்த ஒப்பந்தமும் அவருக்குத் தூரத்துச் செய்திதான்.

இறால் இதைவிடக் கசப்பான பாடம். 1980களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே களப்புகளையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் ஒட்டி இறால் பண்ணைகள் பெருகின. ஜப்பானும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வாங்கின; சந்தைக்குத் தடையே இல்லை. கண்டல் காடு வெட்டப்பட்டு, அனுமதியோடும் அனுமதியின்றியும் குளங்கள் தோண்டப்பட்டன. ஒரு பண்ணை கழிக்கும் நீரையே அடுத்த பண்ணை உள்ளே இழுத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் நுழைந்தபோது, அந்த ஒரே நீர்ப்பாதை நோயை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது. பண்ணைகள் கைவிடப்பட்டன, கடன் வாங்கி இறங்கிய சிறு பண்ணையாளர்கள் நிலமும் நகையும் இழந்தார்கள். அந்த வீழ்ச்சிக்கு வெளிநாட்டுத் தீர்வை காரணமல்ல. மீட்சிக்கும் தீர்வைச் சலுகை உதவவில்லை. உதவியது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து வகுத்த பயிர்க்கால அட்டவணை. களப்பை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயவிட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்து, பரிசோதித்த குஞ்சுகளை மட்டும் அனுமதிக்கும் முறை அது. மீறல்கள் நடந்தன, நோயும் அவ்வப்போது திரும்பியது; ஆனாலும் சிறு பண்ணையாளர் மீண்டும் குளத்தில் இறங்க முடிந்தது அந்த அட்டவணையால்தான். முன்கூட்டி அறிந்த, எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி சிறியவனையும் காக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே உள்ள உதாரணம் இது.

இப்போது கற்பிட்டியின் வெங்காயத்துக்கு வருவோம். அங்கே மண் கடல்மணல். நீர் ஆழமற்ற கிணற்றிலிருந்து வரும் நன்னீர். மணலில் நீரும் நிற்காது, உரமும் நிற்காது. அதனால் இரண்டையும் அடிக்கடி கொடுக்க வேண்டும். சின்ன வெங்காயம் நடுபவர் விதை வெங்காயத்துக்கே முதலில் பெரும் பணம் போடுகிறார். பிறகு பாத்தி, உரம், மருந்து, நீரிறைக்க மின்சாரம் அல்லது டீசல், களையெடுக்கவும் கிண்டவும் கூலி. அந்தக் கூலி வேலையில் உள்ளூர்ப் பெண்களும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து தங்கிய முஸ்லிம் குடும்பங்களும் பல ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார்கள். ஆக ஒரு பாத்தியின் விலை ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. இலை சாய்ந்ததும் கிண்டி, பிடி பிடியாகக் கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் போகும் அளவுக்கு எடையும் போகும். காத்திருந்தால் அழுகலும் முளைப்பும் சேரும். கடனுக்கு உரம் கொடுத்தவர் வாசலில் நிற்பார். எனவே கிண்டிய சில நாட்களில், நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ வயலுக்கே வரும் லொறிக்காரரிடமோ, அன்று கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் என்ன விலையோ அதற்கு விற்றாக வேண்டும். புறக்கோட்டை விலையை அன்று நிர்ணயிப்பது துறைமுகத்தில் வந்திறங்கிய கொள்கலன்கள்.

அந்தக் கொள்கலன்கள் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே வரவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் இந்திய ஒப்பந்தத்தின் எதிர்மறைப் பட்டியலில் வைத்துக் காக்கப்பட்டவை. இவை மீதான இறக்குமதி உரிமக் கட்டுப்பாட்டை இலங்கை நீக்கியது 1996இல், எந்த இருதரப்பு ஒப்பந்தமும் இல்லாத காலத்தில், தன் சொந்த முடிவில். நுவரெலியா, பதுளை உருளைக்கிழங்கு விவசாயிகள் அன்று வாங்கிய அடி இன்றும் பேசப்படுகிறது. இப்போது இவற்றின் விலையை ஆள்வது 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. மற்ற எல்லாத் தீர்வைகளுக்கும் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அறவிடும் வரி இது. நிதியமைச்சர் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஏற்றலாம், இறக்கலாம். நள்ளிரவில் நடைமுறைக்கு வரும். பெரிய வெங்காயத்துக்குக் கிலோவுக்கு 30 ரூபாயாக இருந்த அறவீடு 2024இன் இறுதியில் 10 ரூபாயாக இறங்கி, 2025 ஆகஸ்டில் 50 ரூபாயாக ஏறியது. நட்டபோது ஒன்று, கிண்டும்போது வேறொன்று. விலை ஏறினால் நுகர்வோர் கோபத்துக்காகக் குறைக்கப்படுகிறது. விவசாயி வீதிக்கு வந்தால் கூட்டப்படுகிறது. கூட்டப்படும் நாளில் இறக்குமதியாளர் பழைய வரியில் இறக்கிய சரக்கு களஞ்சியத்தில் நிறைந்திருக்கும். அது தீரும்வரை புறக்கோட்டை விலை அசையாது. அதற்குள் கற்பிட்டிக்காரர் விற்று முடித்திருப்பார்.

இறக்குமதி நின்றுபோனால் உள்ளூர் விவசாயி செழிப்பார் என்ற வாதத்தையும் அண்மைக்காலம் சோதித்துப் பார்த்தது. இந்தியா 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 வீத வரி விதித்து, டிசம்பரில் ஏற்றுமதியையே தடைசெய்தது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. இடையில் ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன்னுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. அந்த மாதங்களில் இங்கே வெங்காய விலை பல மடங்கு ஏறியது. கையில் விளைச்சல் இருந்த சிலர் நல்ல விலை பார்த்தார்கள். ஆனால் தடை வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால், அதற்கேற்ப நட்டவர் இல்லை. உயர்ந்த விலையைப் பார்த்து நட்டவருக்கோ, அறுவடை நேரத்தில் தடை நீங்கிவிடும் ஆபத்து. இந்திய அரசு தன் நுகர்வோரைப் பார்த்து முடிவெடுக்கிறது, கொழும்பு தன் நுகர்வோரைப் பார்த்து முடிவெடுக்கிறது. இருவரின் திடீர் முடிவுகளுக்கும் நடுவில் நிற்பவர் கற்பிட்டியின் மணல் பாத்திக்காரர். ஒப்பந்தம் இருப்பதால் அவருக்கு இந்த நிலை வரவில்லை. அவருடைய பயிரைப் பற்றி எந்த ஒப்பந்தமும் எந்தச் சட்டமும் யாரையும் கட்டுப்படுத்தாததால் வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெங்காயத்தையும் கிழங்கையும் விளைவிப்பவர்கள் ஒப்பீட்டில் சிறு தொகையினர். வாங்கிச் சாப்பிடுபவர்கள் இரண்டு கோடிப் பேர், அவர்களில் ஏழைகளும் கூலிகளும் இலட்சக்கணக்கில். விவசாயிக்காக வரியை உயரத்திலேயே வைத்தால் ஏழையின் சட்டியில் கைவைப்பதாகாதா? ஆகும். வரியை எப்போதும் உயரத்தில் வைக்கச் சொல்வது என் வாதமல்ல. இலங்கையின் வெங்காயத் தேவையை உள்ளூர் விளைச்சல் ஆண்டு முழுதும் நிரப்பாது. செத்தல் மிளகாயில் ஏறக்குறைய முழுத்தேவையும் வெளியிலிருந்தே வருகிறது. இறக்குமதி இல்லாமல் நாடு சமைக்க முடியாது. ஆனால் இறக்குமதி எந்த மாதத்தில் தாராளமாகவும் எந்த மாதத்தில் அளவாகவும் இருக்கும் என்பதை விதைப்புக்கு முன்பே சொல்லிவிட முடியும். அறுவடை மாதங்களில் வரி கூடுதல், மற்ற மாதங்களில் குறைவு என்று நாட்காட்டியாக எழுதி, ஒரு முழுப் போகத்துக்கு மாற்றாமல் வைத்தால், நுகர்வோர் ஆண்டுச் செலவில் இழப்பது சொற்பம். இப்போதைய தடுமாற்றத்தில்தான் நுகர்வோருக்கு உண்மையான இழப்பு. வரி குறைந்த நாளில் இறக்குமதியாளர் விலையைக் குறைப்பதில்லை, கூடிய வரியைப் பழைய சரக்கு தீர்ந்ததும் நுகர்வோர் மீதே சுமத்துகிறார். நிச்சயமற்ற விதியால் இலாபம் பெறுபவர், செய்தியை முதலில் அறிந்து களஞ்சியமும் கையில் பணமும் வைத்திருப்பவர் மட்டுமே.

மறுபக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் கடுமையானது: ஒப்பந்தங்களே வேண்டாம், மெக்சிகோவைப் பாருங்கள், கேரளத்தைப் பாருங்கள். பார்க்கத்தான் வேண்டும். 1994இல் அமெரிக்கா, கனடாவுடன் மெக்சிகோ செய்த ஒப்பந்தத்துக்குப் பின், மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் வந்து குவிந்து, மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்த சிறு விவசாயிகள் நொறுங்கினார்கள். அதே ஒப்பந்தத்தில் நீர்ப்பாசனமும் குளிர்களஞ்சியமும் வைத்திருந்த தக்காளி, அவகாடோ விவசாயிகள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தார்கள். சோளத்தை முழுதாகத் திறக்க 2008 வரை அவகாசம் பேசி வாங்கியிருந்தும், மெக்சிகோ அரசு அதற்கு முன்பே வரம்புக்கு மீறிய சோளத்தைத் தீர்வையின்றி அனுமதித்தது. ஒப்பந்தம் கொடுத்த பாதுகாப்பைச் சொந்த அரசே கைவிட்டது. ஆசியான் நாடுகளோடு இந்தியா 2009இல் ஒப்பந்தம் செய்தபோது, பாம் எண்ணெயும் மிளகும் தங்களை மூழ்கடிக்கும் என்று கேரளத்தில் மக்கள் மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். அந்தப் போராட்டம் வீணாகவில்லை. எளிதில் பாதிக்கப்படும் விவசாயப் பொருட்களை ஒப்பந்தத்துக்கு வெளியே வைப்பதும், படிப்படியாகக் குறைப்பதும் ஊர்ச் சந்தியில் பேசப்படும் விடயங்களாயின. ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதும் பாதுகாப்பல்ல. அமெரிக்காவுடன் நமக்குச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கிடையாது. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு 30 என்று சொல்லி, ஆகஸ்டில் 20இல் நிறுத்தினார்கள். நாம் செய்ய முடிந்ததெல்லாம் கொழும்பிலிருந்து தூதுபோவதுதான். எழுதப்பட்ட உடன்பாடு இருந்தால் குறைந்தபட்சம் கேள்வி கேட்கவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

சிறு விவசாயிகளால் ஏற்றுமதித் தரத்தை எட்டவே முடியாது, ஆகவே ஒப்பந்தத்தின் பயன் எப்படியும் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்பது மூன்றாவது மறுப்பு. தனியாளாக முடியாது என்பது உண்மை. பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்கவும், குளிரில் வைத்து அனுப்பவும், எந்த வயலில் விளைந்தது என்று பதிவேடு காட்டவும் அரை ஏக்கர்க்காரரால் இயலாது. கற்பிட்டியில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். அங்கே கிணற்று நீரில் உரத்தின் நைட்ரேட் கலந்திருப்பதை ஆய்வுகள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. அந்த நீரைக் குடிப்பவர்களும் அதே விவசாயிகள்தான். ஏற்றுமதிக்காகச் செய்ய வேண்டிய சீர்திருத்தமும் ஊரின் உடல்நலத்துக்காகச் செய்ய வேண்டியதும் ஒன்றே. இதற்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. சிலாபத்தில் சிறு இறால் பண்ணையாளர்கள் சங்கமாகக் கூடித்தான் அட்டவணையை நடைமுறைப்படுத்தினார்கள். அதேபோல் கமநல சேவை நிலையத்தோடு இணைந்த விவசாயிகள் குழு, மாவட்டத்துக்குள் ஒரு சோதனைக்கூடம், நுரைச்சோலையில் வெங்காயம் சில வாரம் கெடாமல் நிற்கும் களஞ்சியம், தும்புச்சோறு கழுவ நல்ல நீர் ஆகியவை வேண்டும். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடைசெய்தபோது அதை நீக்கியது பேரம் அல்ல. ஆழ்கடல் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தி, மீன்பிடிப் பதிவேட்டை ஒழுங்காக்கிய பிறகு 2016இல் தடை நீங்கியது. சிலாபம், வென்னப்புவக் கரைப் படகுக்காரர்களும் அந்தத் தடைக்காலத்தை அனுபவித்தவர்கள்தான்.

நல்ல ஒப்பந்தம் எப்படியிருக்கும் என்பதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. பாகிஸ்தானுடனான ஒப்பந்தத்தில் நமது வெற்றிலைக்கு ஆண்டுக்கு 1,200 தொன் வரை 35 வீதத் தீர்வைக் கழிவு கிடைத்தது. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு புத்தளத்தின் தெற்குப் பகுதியும் வெற்றிலைக்குப் பெயர்போனது. கொடிக்கால் பெரும்பாலும் சிறு குடும்பங்களுடையது. ஏற்றுமதியில் பெரும்பங்கு பாகிஸ்தானுக்குத்தான். பெயர் சொல்லி, அளவு சொல்லி, சிறு விவசாயியின் பயிருக்காகப் பேசி வாங்கப்பட்ட சலுகை அது. அதே ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் உருளைக்கிழங்குக்கு நாம் கொடுத்தது ஆண்டுக்கு 1,000 தொன் மட்டும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நம் அறுவடை இல்லாத மாதங்களில் வர வேண்டும் என்று எழுதப்பட்டது. இறக்குமதியைப் பயிர்க்காலத்தோடு பொருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகளே பதில். ஒரு ஒப்பந்தத்தில் எழுத முடிந்ததை உள்நாட்டுச் சட்டத்திலும் எழுதலாம், இந்தியாவோடு பேசும் மேசையிலும் எழுதலாம். தாய்லாந்து தேங்காய்ப்பாலிலும் இறாலிலும் நமக்கு நேரடிப் போட்டியாளர் என்பதால், ஏற்கெனவே கையெழுத்தான அந்த நாட்டு உடன்பாட்டின் பொருட்பட்டியலைச் சிலாபத்தில் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு உண்டு.

ஆகவே, எட்காவை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று கேட்பவர்களிடம் புத்தளத்து விவசாயிகள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. வெங்காயம், கிழங்கு, மிளகாய் மீதான அறவீட்டை ஒவ்வொரு போகத்துக்கும் நடுகைக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றமாட்டோம் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்யுமா? குறைந்தபட்ச இறக்குமதி விலை, ஏற்றுமதித் தடை போன்ற திடீர் நடவடிக்கைகளுக்கு முன்னறிவிப்பும் கலந்துரையாடலும் கட்டாயம் என்ற பிரிவை இந்தியாவிடம் கேட்பார்களா? இறக்குமதி ஓர் அளவுக்கு மேல் திடீரென்று பெருகினால் தானாகவே வரி ஏறும் பாதுகாப்பு எழுத்தில் இருக்குமா? சலுகை தொடங்கும் நாளுக்கு முன் சோதனைக்கூடமும் களஞ்சியமும் மறுநடுகைக்கான கன்றும் இங்கே வந்து சேருமா? பேச்சுக்குப் போகும் குழுவில் ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு இருக்கும் நாற்காலி, கற்பிட்டி விவசாயிக்கும் சிலாபத்துப் பண்ணையாளருக்கும் உண்டா? இவற்றில் முதலாவதற்கு எந்த வெளிநாட்டின் சம்மதமும் வேண்டாம், ஒரு டொலரும் செலவாகாது. அதைச் செய்யாத அரசு, வெளிநாட்டோடு செய்யும் ஒப்பந்தத்தால் விவசாயியைக் காப்போம் என்று சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. செய்துகாட்டும் அரசானால், ஒப்பந்தத்தைக் கண்டு இந்தக் கரையோரம் அஞ்ச வேண்டியதும் இல்லை.